வாட வேண்டிய பாத்திகள்

மட்டக்களப்பு
18.02.2025

அன்பின் அக்காவுக்கு,

நேற்று இரவே வந்து சேர்ந்துவிட்டேன். இடுப்பு நோ மட்டும் இன்னும் போகவில்லை. பன்னிரண்டு பாத்திக்கும் குனிந்து குனிந்து பயறு ஊன்றினதற்கு அது கூலி. உங்களுக்கு அந்த வயிற்றுக்குத்து எப்படி? டொக்டரிடம் காட்டச் சொன்னேன். காட்டியிருக்கமாட்டீர்கள்.

பஸ் ஏறும்போது பேசினபடி இனிப் போன் இல்லை. போனில் கதைத்தால் மூன்றாவது நிமிடம் சண்டை, ஐந்தாவது நிமிடம் இரண்டு பேரில் ஒருத்தி அழுகிறாள். எப்படியும் கிழமைக்கொரு தடவை, தண்ணீர் விட்ட திகதி எழுதின பதிவுத்தாள் தபாலில் வரவேண்டும். என் ஆராய்ச்சியை மேற்பார்க்கிற பரராசசிங்கம் சேர் படம் பிடித்து அனுப்பினால் ஏற்கமாட்டார், வயலில் நின்று பேனையால் எழுதின தாள்தான் வேண்டும் என்பார். அதோடு ஒரு கடிதத்தையும் சேர்த்து வையுங்கள்.

திரும்பவும் சொல்கிறேன், கோபிக்காதேயுங்கோ. சிவப்புத் தடி நட்ட ஆறு பாத்திக்கும் எட்டு நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர். தடி இல்லாத ஆறுக்கும் நாலு நாளுக்கு ஒருமுறை. இரண்டு கூட்டத்திலும் நீல நூல் கட்டிய மூன்றுக்குப் பூக்கும்போது பொட்டாசியம் கரைத்து இலையில் அடிக்க வேண்டும். வெள்ளை நூலுக்கு வெறும் தண்ணீரை அடிக்க வேண்டும். இலையில் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் இருக்கின்றன, அவற்றைத் திறந்து மூட வைப்பது பொட்டாசியம். அது போதியளவு இருந்தால் குறைந்த தண்ணீரிலும் பயிர் தாக்குப்பிடிக்குமா என்பதுதான் என் கேள்வி. தீவில் கிணறுகள் உவராகிக்கொண்டு போகிற வேகத்துக்கு இதைவிட அவசரமான கேள்வி எனக்குத் தெரியவில்லை.

சிவப்புத் தடிப் பாத்திகள் வாடும். வாட வேண்டும். ஒரு செம்பு தண்ணீர்கூட அதிகமாய் ஊற்றக்கூடாது. முதல் போகம் உரம் இல்லாமல் போனது, அடுத்தது மழையில் போனது. செப்டெம்பரோடு பல்கலைக்கழகத்தில் என் பதிவு முடிகிறது. இதுவும் போனால் பட்டமும் இல்லை, இந்த வேலையும் இல்லை.

உங்கள் தங்கச்சி,
வினோஜா


இறுப்பிட்டி, புங்குடுதீவு
27.02.2025

என் அருமைத் தங்கச்சி வினோஜாவுக்கு,

நான் சுகம். நீ சுகமாய் இருக்க வேண்டும் என்று கண்ணகை அம்மனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதக் குந்தினேன். வயிற்றுக்குத்து வெறும் வாய்வு. உள்ளி சுட்டுத் தின்றேன், போய்விட்டது.

பயறு எல்லாப் பாத்தியிலும் ஒரே சீராய் முளைத்திருக்கிறது. உன் கூத்தும் தொடங்கியாயிற்று. ஊருக்கு இப்போது நான்தான் பொழுதுபோக்கு. கடைக்காரக் குலசிங்கத்தார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்கிறார், "என்ன கேதீசு, பாதிப் பயிருக்குத் தண்ணி காட்டாமல் வைச்சிருக்கிறீர், ஏதும் நேர்த்திக்கடனோ?" என்று. "ஓம், தங்கச்சி படிச்சு முடிச்சால் மற்றப் பாதியையும் காய விடுறதெண்டு நேர்த்தி" என்றேன். மனிதர் சிரிக்காமல் போனார், நம்பிவிட்டார்போல.

கிணறு இன்னும் நல்ல தண்ணீர்தான். இணக்கசபையில் வழக்குத் தீர்த்து எழுதிக் கொடுத்தபடி ஒன்றுவிட்ட ஒரு நாள் எங்களுடையது, மற்ற நாள் பக்கத்து வளவு அப்புத்துரை அண்ணையுடையது. அந்த ஆள் தன் நாளில் தன் மிளகாய்க்கு இறைத்துவிட்டுப் போகிறார். என்னைக் கண்டால் தலையைக் குனிவார். நானும் வேலியைப் பார்ப்பேன். எட்டு வருடமாய் நடக்கிறது, இனி என்ன?

ஒழுங்காய்ச் சாப்பிடு. கன்ரீன் ரொட்டியைத் தின்று தின்று சருகாய்ப் போய்விட்டாய்.

அக்கா,
கேதீஸ்வரி


மட்டக்களப்பு
08.03.2025

அன்பின் அக்கா,

தாள் கிடைத்தது, நீங்கள் சுகம் என்றதில் நிம்மதி. எனக்குத் தடிமனும் தும்மலும் மட்டும்.

இத்துடன் பொட்டாசியப் பொட்டலங்கள் வருகின்றன. லீற்றருக்குப் பத்துக் கிராம் கணக்கில் நிறுத்து வைத்திருக்கிறேன், மருந்தடிக்கிற டாங்கி ஒன்றுக்கு ஒரு பொட்டலம். பாதிக்குமேல் பூத்தவுடன் ஒருமுறை, இரண்டு கிழமைக்குப் பிறகு இன்னொருமுறை. காலை வெயில் ஏற முதல் அடியுங்கள்.

இன்னொன்று. அப்புத்துரை அண்ணையிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இது பரிசோதனை, சிவப்புத் தடி வாடினால் வாடட்டும் என்று. அவ்வளவுதான். அவர் ஒவ்வொரு இரண்டாம் நாளும் அந்தக் கிணற்றடிக்கு வருகிறவர். சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

உங்கள்,
வினோ


இறுப்பிட்டி
20.03.2025

வினோவுக்கு,

தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி. இங்கே குறையொன்றுமில்லை.

நேற்றுக் காலை முதல் தரம் அடித்தேன். வெள்ளை நூல் பாத்திக்கு வெறும் தண்ணீரை மருந்துபோல முதுகில் சுமந்து அடித்த விசரி இந்தத் தீவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மீன் கொண்டுவந்த கத்தரீனா வேலிக்கு மேலால் பார்த்து, "அக்கா, அது வெறுந்தண்ணி எண்டால் ஏன் மூக்கைக் கட்டியிருக்கிறியள்?" என்கிறாள். பழக்கதோசம், என்ன செய்ய!

சிவப்புத் தடிப் பாத்திகளை நான் இப்போது பார்ப்பதில்லை. மத்தியானத்தில் இலை எல்லாம் கவிழ்ந்து, காது தொங்கின ஆடுகள்போல நிற்கின்றன. பூ கொட்டுகிறது. காலமை எழும்பினால் கால் தானாய் அந்தப் பக்கம் போகிறது, நான் திருப்பி இழுத்துக்கொண்டு வருகிறேன். வாளியைக் குசினிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். பெற்ற பிள்ளைக்குச் சோறு போடாமல் எண்ணிக்கொண்டிருக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? எனக்குப் பிள்ளை இல்லை, ஆனாலும் தெரியும்.

அப்புத்துரை அண்ணையிடம் சொல்லச் சொல்லி எழுதியிருக்கிறாய். சொல்லமாட்டேன். பெரிய மோட்டரைக் கொண்டுவந்து பூட்டி, இரண்டே மாதத்தில் கிணற்றை உவராக்கினது யார்? நான் பொலிசுக்குப் போய், இணக்கசபையில் நின்று, ஊர்ச்சனம் முழுக்க வாய் பார்க்க வாதாடினேன். மூன்று மாரி பெய்த பிறகுதான் கிணறு குடிக்கிற தண்ணீராய் வந்தது. அந்த ஆளிடம் நான் முதலில் வாய் திறக்கிறதோ? கடலுக்குள் இறங்கி நயினாதீவுக்கு நடந்து போகச் சொல், போகிறேன். அவர் தன் வேலையைப் பார்ப்பார், எங்கள் பாத்தியில் அவருக்கு என்ன அலுவல்?

அக்கா


மட்டக்களப்பு
02.04.2025

அக்கா,

சுகமா? உண்மையைக் கேட்கிறேன், சுகமா?

மார்ச் 20க்குப் பிறகு ஒரு தாளும் இல்லை. பூக்கிற நேரம்தான் எல்லாம் தீர்மானமாகிற நேரம், அந்தத் தாள்கள்தான் என் ஆராய்ச்சியே. பொறுக்க ஏலாமல் 27ஆம் திகதி நம்முடைய ஒப்பந்தத்தை மீறிப் போன் எடுத்தேன். "எல்லாம் நடக்குது, வேலை கிடக்கு, வை" என்று அரை நிமிடத்தில் வைத்துவிட்டீர்கள். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்ததுபோல இருந்தது. பின்னால் யாரோ ஒரு பெண் "கட்டில் பதினாலு" என்று கூப்பிட்டாள். எங்கே நின்றீர்கள்? அதற்குப் பிறகு போன் வேலை செய்யவில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதினைந்தாம் திகதி வரைக்கும் மாணவர்களுக்குச் செய்முறைச் சோதனை, நான்தான் நிற்க வேண்டும், விடமாட்டார்கள். இரண்டு வரி எழுதுங்கள்.

வினோ


இறுப்பிட்டி
11.04.2025

வினோவுக்கு,

சுகமாக இருக்கிறேன். உனக்கும் புது வருடம் நல்லபடி பிறக்கட்டும்.

தாள்கள் எல்லாம் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். தபால் கந்தோருக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. இரண்டாம் தரம் பொட்டாசியமும் அடித்தாயிற்று, திகதி தாளில் இருக்கிறது. போனில் நீ கேட்ட சத்தம் பாங்கில் நின்றபோது வந்தது. அங்கேயும் இலக்கம் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

காய் பிடித்திருக்கிறது. எண்ணி அனுப்புகிறேன்.

அக்கா


மட்டக்களப்பு
25.04.2025

என் தங்க அக்காவுக்கு,

நீங்கள் நூறு வருடம் சுகமாய் இருக்க வேண்டும்! எனக்கு இன்றைக்கு ஒரு நோயும் இல்லை.

நீங்கள் எண்ணி அனுப்பின காய்க்கணக்கை நேற்று மேசையில் விரித்தேன். நாலு நாள் பாத்திகளில் ஒரு செடிக்குச் சராசரி இருபத்திரண்டு காய். சிவப்புத் தடிப் பாத்திகளில் இருபத்துமூன்று! நீல நூலோ வெள்ளை நூலோ, பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது, பொட்டாசியமே வேண்டாம், அரைவாசித் தண்ணீர் போதும் என்று உங்கள் பயறு சொல்கிறது. நான் மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். பிறகு பரராசசிங்கம் சேரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்த்தார். "தீவு மண்ணில் ஏதோ இருக்கு, வினோஜா" என்றார். அவர் வாயில் இருந்து இப்படி ஒரு பேச்சு வந்தது இதுதான் முதல் தடவை.

அதோடு விடவில்லை. அவருக்குத் தெரிந்த விவசாய அதிகாரி ஒருவருடன் கதைத்திருக்கிறார். மே மாதம் 20ஆம் திகதி புங்குடுதீவு விவசாயிகளைக் கூப்பிட்டு ஒரு கூட்டம். இனிப் பயறுக்கு அரைவாசித் தண்ணீர் இறைத்தால் போதும் என்று நான்தான் சொல்லப் போகிறேன். உங்களையும் எழும்பிப் பேசச் சொல்வேன், சேலையை இப்போதே எடுத்து வையுங்கள். நினைத்துப் பாருங்கள், ஊர்க்கிணறுகள் எல்லாம் அரைவாசி ஓய்ந்திருக்கும்!

இதை இப்போதே ஓடிப்போய்த் தபாலில் போடுகிறேன்.

உங்கள் வினோ


மட்டக்களப்பு
06.05.2025

அக்கா,

சுகம்தானே?

என் கடிதம் கிடைத்ததா? ஒவ்வொரு நாளும் தபால்காரனுக்காக ஒபிஸ் வாசலில் நின்று பார்க்கிறேன். குறை சொல்லி எழுதினாலும் பதில் வரும், இப்படி ஒரு சந்தோசத்தை எழுதினால் பதினொரு நாளாய்ப் பதில் இல்லை. உங்களுக்குச் சந்தோசம் இல்லையா?

கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தாயிற்று. சேர் உங்கள் முழுப்பெயரையும் கேட்டார்.

வினோ


இறுப்பிட்டி
10.05.2025

என் பிள்ளை வினோ,

சுகமா என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் நீ சுகமாய் இருக்க வேண்டும்.

அந்த நோட்டீசை நிறுத்து. அந்தக் காய்க்கணக்கு உண்மை, தண்ணீர்க்கணக்குப் பொய். நான் எழுதின பொய்.

மார்ச் 22ஆம் திகதி குசினியில் விழுந்துவிட்டேன். கத்தரீனா மீனோடு வந்தவள்தான் கண்டு, ஓட்டோ பிடித்து யாழ்ப்பாணம் கொண்டுபோனாள். குடல்வால் வெடிக்கிற நிலையாம், அன்றைக்கே வெட்டினார்கள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். கட்டில் பதினாலு நான்தான். உனக்குச் சொன்னால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவாய், வேலை போகும் என்று கத்தரீனாவின் வாயையும் கட்டினேன்.

கட்டிலில் கிடந்தபடி நான் நினைத்தது காயத்தை அல்ல, பாத்திகளைத்தான். எல்லாம் செத்திருக்கும், உன் பட்டம் என் வயிற்றோடு போயிற்று என்று அழுதேன். 31ஆம் திகதி வந்து இறங்கி, படலையையும் வேலியையும் பிடித்துப் பிடித்து நடந்து போய்ப் பார்த்தால், பன்னிரண்டு பாத்தியும் பச்சைப் பசேல் என்று நிற்கிறது. ஒன்பதாம் பாத்திக்குள் அப்புத்துரை அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியால் தண்ணீர் திருப்பிக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் மோட்டரை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். நான் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தன் நாளில், தன் பங்குத் தண்ணீரை விட்டிருக்கிறார். அவருடைய மிளகாய் அரைவாசி காய்ந்து நிற்கிறது, வினோ. சிவப்புத் தடிப் பாத்திகள் மோசமாய் வாடியிருந்ததால் அவற்றுக்கு இன்னும் கூட விட்டிருக்கிறார். அவருக்கு என்ன தெரியும், நான் சொன்னேனா?

டொக்டர் பாரம் தூக்கக்கூடாது என்றார். அதனால் அவர் பிறகும் வந்தார், ஒன்றுவிட்ட ஒரு நாள், காய் முற்றுமட்டும். நிற்பாட்டச் சொல்ல மூன்று தரம் வேலிவரை போனேன். "விடாதையுங்கோ" என்று சொல்ல முதல் "அண்ணை" என்று கூப்பிட வேண்டும். நாலு வீட்டுக்குக் கேட்க வாதாடினவள் ஒரு சொல்லுக்கு வழியில்லாமல் திரும்பி வந்தேன். பிறகு கதிரையில் குந்தி உன் அட்டவணையைப் பார்த்துத் திகதிகளை எழுதினேன். இரண்டாம் தரம் பொட்டாசியம் அடிக்கவேயில்லை. பொட்டலம் அலுமாரிக்குள் கிடக்கிறது.

நீ பாஸ் பண்ணினால் போதும், யாருக்குத் தெரியப் போகிறது என்று இருந்தேன். ஆனால் கூட்டம் என்று எழுதினாயே. குலசிங்கத்தார், பக்கத்து ஒழுங்கைக் கோபிகா வீட்டார், பயறு போடுகிற எல்லாரும் உன் சொல்லைக் கேட்டு அரைவாசித் தண்ணீர் விட்டால் பயிர் சாகும். பூ கொட்டினதை நான் கண்ணால் கண்டவள். பன்னிரண்டு நாள் அந்தக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஏசு, அடி, என்னவும் செய். கூட்டம் வைக்காதே.

உன் அக்கா


மட்டக்களப்பு
15.05.2025

அக்கா,

காயம் ஆறிவிட்டதா? தையல் வெட்டினார்களா? வலது பக்கம் படுக்க முடிகிறதா? இதற்கு மட்டும் பொய் சொல்லாமல் பதில் வேண்டும்.

எனக்கு வந்த ஆத்திரம் எதில் என்று எனக்கே தெரியவில்லை. தாளில் பொய் எழுதினதிலா, கட்டில் பதினாலில் தனியாய்க் கிடந்ததிலா? முதலாவதுக்கு உங்களை ஏச எழுதத் தொடங்கினால், இரண்டாவது வந்து அழுகையாய் முடிகிறது. நாலு தாள் கிழித்துவிட்டேன். என்னைப் பாதுகாக்கிறேன் என்று என்னை எவ்வளவு பெரிய முட்டாளாக்கிவிட்டீர்கள்! நான் அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் குதித்தேன், அக்கா. எல்லாரும் பார்த்தார்கள்.

உங்கள் கடிதத்தைச் சேரின் மேசையில் வைத்தேன். முழுக்க வாசித்தார். "ஒரு திகதிகூடப் பிசகவில்லை, உங்கட அக்காவைத்தான் நான் மாணவியா எடுத்திருக்க வேணும்" என்று சிரித்தார். நான் அழுததும் சிரிப்பை நிறுத்தினார். கூட்டம் ரத்து. என் போகமும் ரத்து.

ஒரு வழி இருக்கிறது. மே மாதத்துக்குள் திரும்ப விதைத்து, ஓகஸ்ட் தொடக்கத்தில் காய் ஆய்ந்தால், செப்டெம்பர் முடிய முதல் எழுதிக் கொடுக்கலாம் என்றார். அது வறண்ட சோளகக் காற்றும் வெயிலும், கிணறு அடியில் நிற்கிற காலம். பயறு இந்த முறை உண்மையாய்த் தாகத்தில் கிடக்கும். பொட்டாசியம் ஏதும் செய்யுமென்றால் அப்போதுதான் தெரியும். தூக்குகிற வேலைக்குக் கத்தரீனாவைக் கேளுங்கள், நீங்கள் வாளி தொடக்கூடாது.

விதையோடு நான் 25ஆம் திகதி வருகிறேன், நாலு நாள்தான் லீவு. நான் வர முதல் நீங்கள் அப்புத்துரை அண்ணையிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லமாட்டேன், கத்தரீனாவைக்கொண்டும் சொல்விக்கக்கூடாது. நீங்கள் சொல்லாவிட்டால் நான் விதையைக் கொண்டுவரப் போவதில்லை.

வினோ


இறுப்பிட்டி
22.05.2025

வினோவுக்கு,

தையல் வெட்டியாயிற்று, காயம் ஆறிவிட்டது, வலது பக்கம் படுத்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. இது உண்மை.

போனேன். திங்கட்கிழமை அவர் வீட்டுப் படலை வரைதான், செவ்வாய்க்கிழமையும் படலை வரைதான். நேற்று உள்ளே போனேன். வெறுங்கையோடு போக முடியுமா? அவருடைய தண்ணீரில் விளைந்த பயறிலேயே ஒரு கொத்து அளந்து கட்டிக்கொண்டு போனேன். மனிதர் முற்றத்தில் குந்தி மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு எழும்பவும் இல்லை, குந்தவும் இல்லை, நடுவில் நின்றார்.

"அண்ணை, நான் இந்தமுறை பயறு போட்டால், வாடினாலும் நீங்கள் தண்ணி விடாதேங்கோ" என்றேன். எட்டு வருடத்துக்குப் பிறகு நான் அவரிடம் சொன்ன முதல் பேச்சு அது.

அவர் முகம் செத்துப்போயிற்று. "ஏன் பிள்ளை, நான் விட்ட தண்ணி உவரோ?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, வினோ. நின்ற நிலையில் அழுதேன். "இல்லை அண்ணை, உங்கட தண்ணியாலைதான் எல்லாம் உயிரோடை நிண்டது. உங்கட மிளகாய் காய நீங்கள் எனக்கு விட்டனீங்கள். நான் ஒரு வார்த்தை சொல்லேல்லை" என்றேன். பிறகு உன் பரிசோதனை முழுவதையும் சொன்னேன், நீலம், வெள்ளை, சிவப்பு, எட்டு நாள், நாலு நாள் எல்லாம். பொறுமையாய்க் கேட்டார். ஒன்றுதான் அவருக்கு விளங்கவில்லை. "வாட வேணும் எண்டே விதைக்கிறதோ?" என்று இரண்டு தரம் கேட்டார். "ஓம் அண்ணை, எவ்வளவு தாங்கும் எண்டு பாக்கிறதுக்கு" என்றேன். என் காயம் ஆறிவிட்டதா என்றும் கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வர நினைத்தாராம், நான் முகத்தைத் திருப்பிவிடுவேன் என்று யாழ்ப்பாணம் பஸ்நிலையம் வரை வந்துவிட்டுத் திரும்பினாராம்.

மண்வெட்டியைச் சுவரில் சாத்தி வைத்தார். பிறகு சொன்னார், "பிள்ளை, நான் பாத்தால் விட்டுப்போடுவன். எனக்கு என்னை மறிக்க ஏலாது. நீர் விதைச்சு எடுக்குமட்டும் நான் வவுனியாவிலை மகளிட்டைப் போய் நிக்கிறன். என்ரை நாளிலை கிணறு சும்மா கிடந்து ஊறட்டும்." நான் வேண்டாம் என்று எவ்வளவோ மன்றாடினேன். கேட்கவில்லை.

இன்று காலை முதல் பஸ்ஸில் போய்விட்டார். போகிற வழியில் படலையில் நின்று "கேதீசு, போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எட்டு வருடம் அந்தப் பக்கம் திரும்பாதவள் விடிந்ததில் இருந்து பத்துத் தரம் அவர் வீட்டைப் பார்த்துவிட்டேன், கதவு பூட்டிக் கிடக்கிறது. வாயைத் திறந்த மறுநாளே மனிதரை ஊரைவிட்டு அனுப்பிப்போட்டு இருக்கிறேன். கெதியாய் விதையைக் கொண்டு வா.

அக்கா